மேற்கு வரிசைத் தூண்கள்

தூணுக்குக் கிரீஸ் தடவுவதைத் தனபால் தம் ஐம்பத்தெட்டாம் வயதில் அன்றைக்குத்தான் பார்த்தார். டிராக்டர் அச்சுக்குத் தடவலாம், டேங்கர் சக்கரத்துக்குத் தடவலாம். சும்மா நிற்கிற தூணுக்கு எதற்கு என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை. சேலத்திலிருந்து வந்திருந்த சௌந்தர்யா என்கிற அந்தப் பெண், பூச்சு கொத்திய இடத்தைத் தேய்ப்புக் கல்லால் தேய்த்தாள், தூசியை வாயால் ஊதினாள், விரல் நுனியில் கிரீஸை அள்ளிப் பழைய ஒரு ரூபாய் அகலத்துக்குப் பூசினாள். பிறகு வயர் வால் வைத்த ஓர் உருளையை அவர் கையில் கொடுத்தாள்.

"அய்யா, சித்த நேரம் இதைப் பிடிச்சுக்கறீங்களா? அந்தப் பக்கம் குறி போட்டிருக்கேன் பாருங்க, அதுமேல வெச்சு நல்லா அழுத்திக்கோங்க. அசையக் கூடாதுங்க."

"கரண்டு அடிக்குமாங்க?"

"அடிக்காதுங்க. இந்தப் பக்கம் இருந்து ஒரு சத்தம் உள்ள போவும், அவ்வளவுதான். நம்ம காதுக்குக் கேக்காது. அது உங்க பக்கம் வந்து சேர எத்தனை நேரம் ஆவுதுன்னு பெட்டி காட்டும். உள்ள கெட்டியா இருந்தா சீக்கிரம் வந்துரும். பொந்து, விரிசல் இருந்தா சுத்திக்கிட்டு லேட்டா வரும்."

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி கந்தம்மாள் கேட்டாள்: "தார் ரோட்டுல வண்டி போறதுக்கும் உழுத காட்டுல போறதுக்கும் இருக்கற வித்தியாசமாட்டவா அம்மணி?"

"அதேதாங்கம்மா. நான் சொன்னதைவிட நல்லாச் சொல்லிட்டீங்க."

கந்தம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்கு அன்று சிரிப்பு வருகிற நாள் இல்லை.

வெண்ணந்தூருக்கு மேற்கே குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் நின்றது அந்த வீடு. பன்னிரண்டு தூண், ஒற்றைத் தளம், கட்டி எட்டு வருசம். மகள் தனப்பிரியாவுக்கு மாசிக் கடைசியில் கல்யாணம். மொட்டை மாடியில் பந்தல் போட்டு, சொந்தபந்த ஒறம்பரைக்கு முந்தின நாள் விருந்தை அங்கேயே வைத்துவிடலாம் என்று தனபால் கணக்குப் போட்டிருந்தார். பந்தல்காரர் வந்தார், மேலே ஏறி அளந்தார், கீழே இறங்கி மேற்குப் பக்கத்துத் தூண்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தூணில் நீளவாக்கில் வெடிப்பு, அதிலிருந்து துருக்கறை வழிந்து செங்காவியாய்க் காய்ந்திருந்தது. "எரநூறு சனத்தை இதும்மேல ஏத்தற வேலை எனக்கு வேண்டாமுங்க" என்று அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். ராசிபுரத்து இன்ஜினியரும் சோதனை பண்ணிப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டேன் என்றார். அப்படித்தான் சௌந்தர்யா பெட்டியோடு வந்து சேர்ந்தாள்.

ஆனால் கந்தம்மாளுக்குக் கவலை பந்தல் இல்லை. அந்த வீட்டைக் கட்டியவன் அவள் தம்பி குமரகுரு. அவள் வீட்டுக்கு அவன் வந்து ஆறு வருசம் ஆகிறது. கட்டிய இரண்டாம் வருசமே மேற்குத் தூண்களில் பூச்சு வெடித்தது. அப்போது ஒரு காதுகுத்து விருந்தில், சொந்தபந்தம் அத்தனையும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது தனபால் சொன்னார்: "என்ற ஊட்டுச் சிமெண்டை வித்துத்தான் அவன் பொண்டாட்டி பிரசவத்துக்குச் செலவு பண்ணுனான்." குமரகுரு இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அதோடு சரி.

இப்போது கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் காத்திருந்தது. தாய்மாமன் என்று போட்டு அதற்குக் கீழே இடம் காலியாக இருந்தது. மணவறையில் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டியாக வேண்டும். கந்தம்மாளுக்கோ கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். சோதனைக்கு ஆள் வருகிறது என்று தெரிந்த அன்றைக்கே அவள் புருசனிடம் சொல்லிவிட்டாள்.

"மிசினு என்ன சொல்லுதோ அதுதான் எனக்கு. என்ற தம்பி தப்புப் பண்ணலீன்னு வந்துச்சுன்னா, நீங்களே போய் அவனைக் கூட்டிட்டு வரோணும். பண்ணியிருக்கறான்னு வந்துச்சுன்னா, சித்தப்பன் மவனை வெச்சுப் பட்டம் கட்டிக்கறேன். அவன் பேரை இந்த ஊட்டுல இனி எடுக்க மாட்டேன்."

"சரி புள்ள" என்றார் தனபால். அப்போது அது லேசான விசயமாகத்தான் தெரிந்தது.

கிழக்கு வரிசையில் நாலு தூண், நடு வரிசையில் நாலு. ஒவ்வொரு தூணிலும் இடுப்பளவில் ஓரிடம், தலைக்கு மேலே ஓரிடம். தனபால் அழுத்திப் பிடித்தார். பெட்டியில் எண் விழுந்தது. ஐம்பத்துநாலு, ஐம்பத்தாறு, ஐம்பத்துமூணு என்று சௌந்தர்யா வாய்விட்டுச் சொல்லி எழுதினாள். தூணின் கனத்தை அந்த நேரத்தால் வகுத்து, நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பக்கத்தில் போட்டாள். நாலு புள்ளி ரெண்டு, நாலு புள்ளி மூணு.

"நல்லாருக்குங்களா?" என்று கந்தம்மாள் கேட்டாள்.

"ரொம்ப நல்லாருக்குங்கம்மா. கட்டுனவங்க மனசு வெச்சுக் கட்டியிருக்காங்க. நல்லா இடிச்சு இறக்கியிருக்காங்க கலவையை."

கந்தம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வந்தபோது கையில் மோர் இருந்தது. சௌந்தர்யாவுக்குக் கொடுத்தாள், தனபாலுக்கும் கொடுத்தாள். அவருக்குக் கொடுக்கும்போது நேராக முகத்தைப் பார்த்தாள். அவர் மோரைக் குடிக்காமல் திண்ணையில் வைத்தார்.

பனி விலகி வெயில் சுள்ளென்று ஏறியபிறகு மேற்கு வரிசைக்கு வந்தார்கள். முதல் தூணில் பூச்சைக் கொத்தும்போதே உளி உள்ளே போயிற்று. சௌந்தர்யா தூசியை ஊதினாள். கிரீஸ் தடவி, உருளையை வைத்து, பெட்டியைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"நல்லா அழுத்திப் பிடிச்சிருக்கீங்களா அய்யா?"

"பிடிச்சுத்தான் இருக்கறேனுங்க."

"எண்பத்தெட்டு" என்று மெதுவாகச் சொன்னாள்.

இரண்டாவது தூணில் தொண்ணூற்றொன்று. மூன்றாவதும் நான்காவதும் அதே கதைதான். மேலே, தலைக்கு உயரத்தில் மட்டும் மறுபடி ஐம்பத்தைந்து வந்தது. அவள் நடுவில் இன்னும் இரண்டு இடம் பார்த்துவிட்டு, சுண்ணாம்புக் கட்டியால் நாலு தூணிலும் கண்ணளவில் ஒரு கோடு இழுத்தாள்.

"பாருங்க அய்யா, நாலுலயும் அடியில இருந்து அஞ்சடி வரைக்கும்தான் கெட்டிருக்கு. அதுக்கு மேல மத்ததாட்டவே நல்லாருக்கு. இது ஒரே நாள்ல போட்ட கலவையாத்தான் இருக்கணும். அன்னைக்கு ஒருநாள் மட்டும் ஏதோ மாறியிருக்கு. சிமெண்டோ, மணலோ, தண்ணியோ. ஞாபகம் இருக்குங்களா? தண்ணி எங்க எடுத்தீங்க?"

"போர் தண்ணிதானுங்க" என்றார் தனபால்.

அது பொய். தனபால் கெட்ட மனிதர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லாமல் போயிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அவர் வாயில் வந்தது பொய்தான்.

எட்டு வருசத்துக்கு முந்தின சித்திரை அது. இரண்டு வருசம் மழை இல்லை. கிணறு பாறை தெரிய வறண்டு, எழுநூறு அடி போரும் காற்றைக் கக்கிக்கொண்டிருந்தது. கட்டு வேலைக்கு வேறு ஊர்ப் போர் தண்ணீர் டேங்கரில் வந்தது. மேற்குத் தூண் நாலுக்கும் கலவை போட வேண்டிய அன்று விடியற்காலையில் குமரகுருவின் மனைவி ரஞ்சனிக்கு வலி எடுத்துவிட்டது. அவன் வேலையை மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டு ராசிபுரத்துக்கு ஓடினான். கலவை மிசின் வந்துவிட்டது, பதினாறு ஆள் வந்துவிட்டது, டேங்கர்காரன் மட்டும் வரவில்லை. ஆளைத் திருப்பி அனுப்பினால் மறுபடி பிடிக்க ஒரு வாரம் ஆகும். அதற்குள் நல்ல நாள் போய்விடும்.

தனபால் தம் டிராக்டரில் தம் பழைய டேங்கரை மாட்டிக்கொண்டு, கிழங்கு போடுகிற சேகோ மில்லுக்கு, ஜவ்வரிசி ஆலைக்கு, போனார். அங்கே மாவு அடியில் தங்கியபிறகு தொட்டியில் தெளிந்து நிற்கிற தண்ணீரை வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பாய்ச்சித்தான் பக்கத்துத் தென்னந்தோப்பே அந்த வறட்சியில் உயிரோடு நின்றது. தென்னைக்கே ஆகிறது, சிமெண்டுக்கு என்ன வந்தது? அவருக்கு அவ்வளவுதான் தோன்றியது. பஞ்சத்தில் தண்ணீர் என்றால் தண்ணீர்தான், அதில் சாதி பார்க்கிறவன் யார்? இரண்டு நடை அடித்தார். கலவை போட்ட ஆளில் ஒருவன், "புளிச்ச வாடை அடிக்குதுங்களே" என்றான். "கெணத்துப் பாசி" என்று அவன் வாயை அடைத்தார்.

கிழங்கின் மாவும் சர்க்கரையும் புளிப்பும் கலந்த தண்ணீர் அது. சிமெண்டை இறுக விடாது. இது அவருக்கு அன்றைக்குத் தெரியாது என்பது நிசம். பிற்பாடு ஒருநாளும் தோன்றவில்லை என்று அவர் சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். தோன்றியது. தோன்றியபோதெல்லாம் குமரகுருவை இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகத் திட்டினார்.

மத்தியானம் சௌந்தர்யாவுக்கு அரிசியும் பருப்புஞ் சோறு போட்டாள் கந்தம்மாள். நெய் ஊற்றினாள், தயிர் ஊற்றினாள், "இன்னங் கொஞ்சம் போட்டுக்க கண்ணு" என்றாள். தன் தம்பியின் தலையெழுத்தைச் சொல்ல வந்தவளுக்குச் சோறு குறையக் கூடாது என்பதுபோல இருந்தது அவள் பரிமாறியது. பெண் கை கழுவி வந்தபிறகு கேட்டாள்.

"அப்ப அந்த நாலு தூணு கெட்டதுக்கு ஆரு காரணமுன்னு மிசினு சொல்லாதா அம்மணி?"

"அதைச் சொல்லாதுங்கம்மா. உள்ள எப்படி இருக்குன்னுதான் சொல்லும். ஏன் ஆச்சுன்னு பார்க்கணும்னா அந்த இடத்துல ஒரு துண்டு வெட்டி எடுத்து லேபுக்கு அனுப்பலாம். பதினஞ்சு நாள்ல தெரிஞ்சிரும்."

"அனுப்பிப் போடலாமுங்க" என்றாள் கந்தம்மாள் புருசனைப் பார்த்து.

"அதெல்லாம் எதுக்கு? கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. பொறவு என்ன?" தனபால் எழுந்து செருப்பைத் தேடினார்.

சௌந்தர்யா நாலு தூணுக்கும் முட்டுக் கொடுத்து, அடியில் வெட்டியெடுத்துப் புதிதாகப் போட்டுவிடலாம், வீட்டுக்கு மோசமில்லை, ஆனால் அதுவரை மாடியில் ஒருத்தரும் ஏற வேண்டாம் என்று சொல்லி, எண்களை எழுதிய தாளில் ஒரு நகலைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கார் கிளப்பிய புழுதி அடங்குகிறவரை கந்தம்மாள் வாசலில் நின்றாள். பிறகு வந்து சொன்னாள்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நாந்தான் கேக்கல. எட்டுத் தூணை ஒழுங்காப் போட்டவனுக்கு நாலு தூணுல புத்தி கெட்டுப்போச்சு. பொண்டாட்டி பிரசவத்துக்குக் கைமுடையா இருந்திருக்கும். என்னைக் கேட்டிருந்தா என்ற வளையலைக் கழட்டிக் குடுத்திருப்பனே."

தனபால் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நாளைக்கு அச்சாபீசுக்குச் சொல்லிப்போடுங்க. சித்தப்பன் மவன் பேரைப் போட்டுக்கட்டும்."

ஆறு வருசமாக எதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரோ அதை அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். அவருக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அப்படி முடிந்துவிடும் என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது.

மறுநாள் தெற்குக் காட்டில் கிழங்கு பிடுங்கினார்கள். குச்சியை வெட்டிக் கட்டுக் கட்டினார்கள். அடித்தண்டைப் பிடித்து ஆட்டி இழுத்ததும் மண் பிளந்துகொண்டு கை கையாய்க் கிழங்கு வந்தது. தனபாலும் குனிந்து பிடுங்கினார். நாலு செடியில் மூச்சு வாங்கியது. ஆட்கள் கிழங்கை ஒடித்து மூட்டை கட்டி வண்டியில் ஏற்றினார்கள். வண்டியோடு அவரும் மில்லுக்குப் போனார். களத்தில் ஈர மாவு வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. தொட்டியிலிருந்து தெளிந்த தண்ணீர் வாய்க்காலில் போனது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எடை போடுகிறவரைக்கும்கூட அவரால் நிற்க முடியவில்லை. சீட்டை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

கந்தம்மாள் தட்டப்பயிற்றுக் குழம்பு ஊற்றிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். மகள் ராசிபுரத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போயிருந்தாள்.

"உங்களுக்கும் போடட்டுங்களா?"

"கந்தா, அச்சாபீசுல சொல்லல."

"ஏனுங்க?"

"அன்னைக்குத் தண்ணி, போர் தண்ணி இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் நின்றபடியே சொன்னார். டேங்கர்காரன் வராதது, மில்லுக்குப் போனது, இரண்டு நடை அடித்தது, வாடை அடிக்கிறது என்றவனிடம் கிணற்றுப் பாசி என்றது. சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் பிடித்தது. எட்டு வருசம் வைத்திருந்தது அவ்வளவு சின்னதாகத்தான் இருந்தது.

கந்தம்மாள் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"இது அவனுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது. ஆருக்கும் தெரியாது."

"செத்துப்போன எங்கம்மாவுக்கும் தெரியாது."

தனபால் தலையைக் குனிந்தார்.

"எங்கம்மா கடைசி நாலு நாளும் அவன் கையால கஞ்சி வாங்கலீங்க. ரஞ்சனி குடுத்தாக் குடிச்சா, நான் குடுத்தாக் குடிச்சா. அவன் கரண்டியக் கொண்டு போனா மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. அக்கா ஊட்டுச் சிமெண்டைத் தின்னவனாமுங்க அவன். நானும் பார்த்துக்கிட்டுத்தானே உக்காந்திருந்தேன். அப்புடி இல்லம்மான்னு ஒரு வார்த்தை எனக்கு வரலீங்களே."

"தெரியாமப் பண்ணிப்போட்டேன் புள்ள."

"தண்ணிய ஊத்துனது தெரியாமப் பண்ணுனீங்க. காதுகுத்துல பேசுனதுமா?"

அவள் எழுந்து சோற்றைத் தவிட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அவன் ஆத்தூருல அரிசி மில்லுல இருக்கறான். போங்க. நான் வாரல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாரது?"

அடுத்த நாள் காலையில் ராசிபுரம் போய் ஆத்தூர் பஸ் பிடித்தார் தனபால். சட்டைப் பையில் சௌந்தர்யா கொடுத்த தாள் இருந்தது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனார். மில் வாசலில் குமரகுருவைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று.

நாற்பத்துநாலு வயதில் அவனுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. எடை மிசின் பக்கத்தில் தவிடு படிந்த துண்டைத் தோளில் போட்டு, மூட்டைக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு காலத்தில் நாற்பது ஆளை வைத்து வேலை வாங்கியவன். அவரைப் பார்த்ததும் கையில் இருந்த மைக்குச்சியைக் கீழே வைத்தான்.

"வாங்க மாமா. அக்கா நல்லாருக்குதுங்களா?"

"நல்லாருக்குது."

"பாப்பா?"

"அதுக்குத்தான் கல்யாணம் வெச்சிருக்குது. மாசியில."

"கேள்விப்பட்டனுங்க. வாங்க, டீ சாப்பிடலாம்."

"இரு மாப்ள. உக்காந்தா எனக்குப் பேச வராது."

லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அது நின்று ஓசை அடங்கியதும் தனபால் சொன்னார். கந்தம்மாளிடம் சொன்னது போலவே, ஒன்றும் விடாமல் சொன்னார். குமரகுரு மூட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். முடிந்தபிறகு கேட்டான்.

"எந்தத் தூணுங்க?"

"மேக்கு வரிசை நாலும். அடியில இருந்து அஞ்சடி."

"அதுக்கு மேல?"

"மேல நல்லாருக்குதாம். மத்த எட்டும் நல்லாருக்குதாம்."

"எவ்வளவுன்னு போட்டிருக்குதுங்க?"

தனபால் தாளை எடுத்து நீட்டினார். குமரகுரு பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை போல விரலை வைத்துப் படித்தான். நாலு புள்ளி ரெண்டு. நாலு புள்ளி மூணு. நாலு புள்ளி மூணு. எட்டுத் தூணையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தான். தவிடு பட்டுக் கண் இன்னும் சிவந்தது.

"ரஞ்சனிக்கு வலி எடுத்த அன்னைக்கு" என்றான்.

"ஆமா மாப்ள."

"நான் திருடலீன்னு எனக்குத் தெரியும் மாமா. நீங்க பேசுனதைத் தாங்கிக்கிட்டேன். ஆனா தூணு வெடிச்சுது பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. கம்பி சரியாக் கட்டுனேன், மணலைச் சலிச்சேன், அப்பறம் எதுனால வெடிச்சுது? சிமெண்டா, என்ற கைத்தப்பா? அது தெரியாம இன்னொருத்தன் ஊட்டுக்கு எப்புடிங்க நான் அஸ்திவாரம் போடறது? ரெண்டு ஊட்டு வேலை கையில இருந்துச்சு. அட்வான்சைத் திருப்பிக் குடுத்துப்போட்டு இங்க வந்துட்டேன்."

தனபால் அவன் காலைத் தொடப் போனவர் போலக் குனிந்தார். குமரகுரு பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினான்.

"பெரியவங்க இப்படிப் பண்ணாதீங்க. எனக்குத்தான் பாவம் வந்து சேரும்."

"கல்யாணத்துக்கு வா மாப்ள. பட்டம் கட்டோணும். உங்கக்கா சோறு திங்கல."

குமரகுரு தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிறகு வேறு ஏதோ ஞாபகம் வந்தவனாக நிமிர்ந்தான். அவன் முகம் மாறியதைத் தனபால் பார்த்தார்.

"குருமூர்த்தி அண்ணன்" என்றான்.

"ஆரு?"

"சிமெண்டுக் கடை குருமூர்த்தி. மறந்துட்டீங்களா? ஆசுபத்திரியில இருந்து மறாநாள் வந்து பலகையப் பிரிச்சா, கலவை இறுகவே இல்ல. நகத்துல கீறுனா வருது, ஒரு வாரம் கழிச்சு இறுகுன பொறவுதான் அதும்மேல கட்டுனோம். பழைய சிமெண்டை ஏத்தி அனுப்பிச்சுட்டாருன்னு நான் நேராக் கடைக்குப் போனேன். சந்தை நாளு. அத்தனை சனத்துக்கு முன்னால மூட்டையக் கிழிச்சு ரோட்டுல கொட்டி, செத்த சிமெண்டை விக்கறவன்னு கத்துனேன். அன்னைக்கு நீங்களும் எம்பக்கத்துலதான் நின்னீங்க மாமா."

தனபாலுக்கு ஞாபகம் வந்தது. நின்றார். வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் தீர்ந்திருக்கும். குமரகுரு கத்துவது அவருக்கு அப்போது சௌகரியமாக இருந்தது.

"வருசம் திரும்பறதுக்குள்ள கடைய மூடிட்டாருங்க" என்றான் குமரகுரு. "நீங்க எனக்குப் பண்ணுனதுக்கு முன்னால நான் அவருக்குப் பண்ணியிருக்கறேன். வருவனா மாட்டனான்னு அவரைப் பார்த்துட்டுச் சொல்றேன். வாங்க, இப்பவே போலாம்."

மில் முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தான். பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நாமகிரிப்பேட்டை தாண்டியபிறகு குமரகுரு, பாப்பாவுக்கு மாப்பிள்ளை எந்த ஊர் என்று மட்டும் கேட்டான்.

குருமூர்த்தி வீடு வெண்ணந்தூரில் சந்தைக்கு மூன்று தெரு தள்ளி இருந்தது. தெருவில் திரும்பும்போதே தறிச் சத்தம் காதை அடைத்தது. அவர்கள் நெசவுக் குடும்பம். கடை போனபிறகு வீட்டுக்குப் பின்னால் கொட்டாய் கட்டி விசைத்தறி போட்டிருந்தார். ஆறு தறி ஓடிக்கொண்டிருந்தது. எழுபதை நெருங்கிய மனிதர், பனியனோடு அறுந்த இழையைக் கட்டிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டது முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு தறியாகப் போய் நிறுத்தினார். கடைசித் தறியும் நின்றதும் கொட்டாயே வேறு மாதிரி ஆகிவிட்டது.

"வாங்க" என்றார். "என்ன விசயமுங்க?"

"அண்ணா, அன்னைக்கு நீங்க குடுத்த சிமெண்டு நல்ல சிமெண்டுதானுங்ணா" என்றான் குமரகுரு.

"அதான் எனக்குத் தெரியுமே."

"தப்பு என்னுதுங்க" என்றார் தனபால். "நாந்தான் சேகோ மில்லுத் தண்ணிய ஊத்திப்போட்டேன். இவனுக்கும் தெரியாது. இப்ப மிசினு வெச்சுப் பார்த்ததுல வெளிய வந்துருச்சுங்க."

குருமூர்த்தி அவரைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று சொல்ல முடியாது. இருந்து தீர்ந்துபோன மாதிரி இருந்தது.

"மிசினு வெச்சுப் பார்த்தீங்களா? அப்ப இதையும் பாருங்க. வாங்க." கொட்டாயின் தூண் ஒன்றுக்கு அவர்களைக் கூட்டிப் போனார். பூச்சில்லாத மொட்டைத் தூண். "நீங்க ரோட்டுல கொட்டிட்டுப் போன பொறவு அந்த லோடுல எழுபது மூட்டை எம்மேல நின்னுபோச்சு. ஆரும் வாங்கல. எறியறதுக்கு மனசு வரலீங்க. அந்தச் சிமெண்டுலதான் இந்தக் கொட்டாயைக் கட்டுனேன். ஆறு தறி ராத்திரியும் பகலும் போட்டு ஆட்டுது. எங்கியாச்சும் ஒரு கீறல் இருந்தாச் சொல்லுங்க."

குமரகுரு தூணில் உள்ளங்கையை வைத்தான். மேலிருந்து கீழே தடவினான். மூலையில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். கட்டுகிறவன் கை அது, தானாகத் தேடியது. ஒன்றும் இல்லை.

"கட்டி முடிச்சு ரெண்டு வருசம், வாரவன் போறவனையெல்லாம் கூப்பிட்டனுங்க. வந்து ஒருக்காப் பாருங்க, பார்த்துட்டு அப்பறம் பேசுங்கன்னு. மூணு தெருத்தானே. ஒருத்தரும் வரல. நீங்க ரெண்டு பேருந்தான் மொதல்ல வாரீங்க."

"மன்னிச்சுக்கோங்க" என்றார் தனபால். "என்ன வேணும்னாலும் சொல்லுங்க, செய்யறேன்."

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்குங்க ஆவும்? எனக்குத் தெரிஞ்சதைத்தானே எங்கிட்ட வந்து சொல்றீங்க. தெரியாதவங்க எத்தனை பேரு இருக்கறாங்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், சொம்பில் கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்தார். குடித்து முடித்ததும் சொம்பை வாங்கிக்கொண்டு தறிப்பக்கம் போனார். ஒன்றன்பின் ஒன்றாக ஆறும் ஓட ஆரம்பித்தன.

தெருவுக்கு வந்ததும் குமரகுரு நின்றான். சத்தத்தில் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"பட்டம் கட்ட வாரேன்னு அக்காகிட்டச் சொல்லுங்க. முட்டுக் கொடுக்கறதுக்கும் நானே வாரேன், வெளியாள் வேண்டாம். ஆனா அதுக்கு முன்னால ஒரு சந்தை நாள்ல அத்தனை சனத்துக்கும் நீங்க சொல்லிப்போடோணுங்க மாமா."

"நீயும் வருவியா மாப்ள?"

"வாராம?"

சந்தைத் திடல் தெருக்கோடியில் தெரிந்தது. அன்று சந்தை இல்லை; வெறும் கல் மேடைகளும், கட்டில்மேல் பரப்பிய கடை ஒன்றும், இரண்டு மாடும்தான் இருந்தன. குருமூர்த்தி கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தனபால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு அந்த இடத்தையே பார்த்தார். எந்த இடத்தில் நிற்பது, முதல் வார்த்தையை யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சந்தைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.